மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லையா? காரணத்தை எந்த வரிசையில் தேடுவது

"மூணு மாத்திரை போடுறேன் சிஸ்டர், இன்னும் 160-லதான் நிக்குது."

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் தொற்றா நோய்ப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். இந்தப் பேச்சு வாரத்துக்குப் பல தடவை காதில் விழும். சொன்ன கையோடு அடுத்த கோரிக்கையும் வரும்: "வேற பவர் மாத்திரை எழுதிக் குடுங்க" அல்லது "பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு குடுங்க." இரண்டும் தேவைப்படலாம். ஆனால் அவை கடைசியில் வர வேண்டியவை.

எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். இரண்டு மாத்திரை எழுதியும் அளவு குறையவில்லை என்று மூன்றாவது சேர்க்கப்பட்டது. உண்மையில் அந்த இரண்டையும் அவர் வாரத்தில் பாதி நாள்தான் போட்டிருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த மகள் மூன்றையும் வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார். நான்காம் நாள் விடிகாலையில் கழிவறைக்கு எழுந்தவர் தலைசுற்றி விழுந்தார், இடுப்பெலும்பு உடைந்தது. மகள் செய்தது சரிதான். நாங்கள்தான் முதல் கேள்வியைக் கேட்காமல் மூன்றாவது மாத்திரைக்குப் போயிருந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். எண் உண்மைதானா, மாத்திரை உள்ளே போகிறதா, அதை எதிர்த்து வேறு ஏதாவது வேலை செய்கிறதா, உப்பு எவ்வளவு, சீட்டில் இருக்கும் மருந்து போதுமா, பின்னால் வேறு நோய் இருக்கிறதா. காசு செலவில்லாத படிகள் முதலில், ஊசியும் ஸ்கேனும் கடைசியில். முன்படி தவறாக இருந்தால் பின்படிகள் எல்லாம் வீணாகும் என்பதால்தான் இந்த வரிசை.

தொடங்கும் முன் ஒன்று. அளவு 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறிகள் வந்துவிட்டால், அளவு எவ்வளவு இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அறிகுறி ஏதும் இல்லாமல் எண் மட்டும் அதிகமாக இருந்தால், அமைதியாக உட்கார்ந்து சற்று நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து மளமளவென்று இறக்கும் பழைய வழக்கம் வேண்டாம். திடீரென்று இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்துபோகும்.

1. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

மேல்கையில் கட்டும் தானியங்கி பிரஷர் கருவி. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கையை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து அதன் எண் எக்கச்சக்கமாக மாறும்.

ஒரு தையல் டேப். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளந்து, கருவியின் பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். சாதாரணமாகக் கருவியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். 36 செ.மீ. கைக்கு அதை இழுத்துக் கட்டினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பருமனான பலருக்கு "இறங்காத பிரஷர்" பெரிய பட்டை வாங்கியதும் நன்றாக இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோட்டு, பேனா. அப்புறம் ஒரு மஞ்சப்பை. வீட்டில் அந்த நபர் விழுங்குவது, குடிப்பது, தடவுவது எல்லாம் அந்தப் பைக்குள் வர வேண்டும்: பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கியது, லேகியம், சூரணம், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது. இந்தப் பை நான்காம் படியில் வேலைக்கு வரும்.

கையில் இரண்டு வாரம் அவகாசமும் வேண்டும். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது.

2. எண் உண்மைதானா என்று பாருங்கள்

எங்கள் நிலையத்தில் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பஸ் மாறி வந்தவர், வரிசை போய்விடுமே என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டுகிறார். பட்டையைக் கட்டும்போதே மருமகள் கதையைச் சொல்கிறார். வரும் எண் 168. அவருடைய பிரஷர்தான் அது, ஆனால் அந்த நிமிடத்துப் பிரஷர். அதை வைத்து வருடம் முழுக்கப் போடும் மருந்தை முடிவு செய்ய முடியாது.

அதனால் வீட்டில் ஏழு நாள் பாருங்கள். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால் இரண்டு தடவை. மாலையில் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு தடவை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிடம் இடைவெளி. மாத்திரைக்கு முன்னால் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: நேற்றைய மருந்து இன்று காலைவரை தாங்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

உட்காரும் முறை முக்கியம். முதுகைச் சாய்க்க ஒரு நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், கால் மேல் கால் போடாமல். ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அரை மணி நேரத்துக்குள் காபி, பீடி, நடை எதுவும் இருந்திருக்கக் கூடாது. கையை மேசை மேல், நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். கை 10 செ.மீ. கீழே தொங்கினாலே எண் ஏழெட்டுப் புள்ளி ஏறிவிடும். ரத்தத்தின் எடை அப்படி. பட்டை வெறுந்தோலில் இருக்கட்டும். சட்டைக்கை அல்லது ரவிக்கைக்கை மேல் கட்டுவதும், அதைச் சுருட்டி மேலே இறுக்கிவிட்டுக் கட்டுவதும் இரண்டுமே தப்பு. கருவி ஓடும்போது பேச்சு வேண்டாம்.

முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள். அதிகம் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து வந்தால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம்.

முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியை எடுங்கள். வீட்டு அளவுக்கு எல்லை 135/85. மருத்துவமனையில் 140/90 என்பது வீட்டில் இதற்குச் சமம்.

இனி மூன்று விதமாக முடியலாம். வீட்டில் 128, மருத்துவமனையில் 160 என்றால், மருத்துவரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஏறுகிற பிரஷர் அது. மருந்தைக் கூட்டும் முன் அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தலைகீழாகவும் நடக்கும்: மருத்துவமனையில் 130, வீட்டில் 150. இதுதான் எனக்குப் பயம், ஏனென்றால் யாரும் கண்டுபிடிக்காமலே வருடங்கள் ஓடிவிடும். இரண்டு இடத்திலும் அதிகம் என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

இந்தப் படியில் புதியவர்கள் செய்யும் தவறுகள்: தலைவலிக்கும்போது மட்டும் பார்ப்பது, நல்ல எண் வரும்வரை எட்டுத் தடவை பார்த்து அதை மட்டும் எழுதுவது, 147-ஐ 140 என்று எழுதுவது. வந்ததை வந்தபடியே எழுதுங்கள். கருவியை ஒரு தடவை மருத்துவமனைக்கு எடுத்துப்போய் அங்கே இருப்பதோடு ஒப்பிட்டுவிடுங்கள். இதயத்துடிப்பு சீராக இல்லை என்ற குறி அடிக்கடி வந்தால் அந்த எண்களை நம்ப முடியாது, ஒரு ஈசிஜி எடுக்க வேண்டும்.

வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இன்னொன்று. எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 புள்ளி இறங்கினால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். உட்கார்ந்தால் 160, நின்றால் 120 என்று இருப்பவருக்கு மாத்திரையைக் கூட்டினால் விழுந்துவிடுவார்.

3. மாத்திரை உள்ளே போகிறதா என்று எண்ணுங்கள்

"ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "போடுறேன்" தான். பொய் இல்லை, அவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். நான் கேட்கும் கேள்வி வேறு: "போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சும்மா?" விட்டுப்போவது சகஜம் என்று கேள்வியே சொல்லிவிடுவதால் உண்மை வரும். வீட்டில் இருப்பவர்களும் இப்படியே கேளுங்கள்.

அப்புறம் எண்ணிப் பாருங்கள். மாத்திரை வாங்கிய தேதியை அட்டையின் பின்புறம் எழுதுங்கள். மூன்றாம் தேதி 30 வாங்கி, இன்று பதினெட்டாம் தேதி காலை மாத்திரையும் போட்டாயிற்று என்றால் மீதி 14 இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு அம்மாவிடம் 21 இருந்தது. எண்ணி முடித்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பதினாறு நாளில் ஏழு நாள் விட்டிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை.

எந்த நாளில் விடுகிறார்கள் என்று துருவினால் காரணம் கிடைக்கும். நான் அடிக்கடி பார்ப்பவை:

ரத்தப் பரிசோதனை நாள். "வெறும் வயித்துல வரச் சொன்னாங்க" என்று பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருவார்கள். அன்றைக்கே பிரஷரும் பார்ப்போம், ஏறியிருக்கும், மருந்து கூடும். வெறும் வயிறு என்பது சாப்பாட்டுக்குத்தான். பொதுவாகப் பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரலாம். உங்கள் மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் இது பொருந்தாது.

கல்யாணம், பயணம். நீர் பிரிய வைக்கும் மாத்திரை சீட்டில் இருந்தால், பஸ்ஸில் போகும் நாளில் விட்டுவிடுவார்கள். பெண்களுக்கு இது இன்னும் பெரிய பிரச்சினை, வழியில் நல்ல கழிவறை ஏது? அன்றைக்கு மட்டும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் போடலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடுவதைவிடத் தள்ளிப் போடுவது நல்லது.

விரத நாள். சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாது என்ற எண்ணம். பெரும்பாலான பிரஷர் மாத்திரைகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

"நார்மல் ஆயிடுச்சு." மாத்திரையால்தான் நார்மல் ஆனது. நிறுத்தினால் பல நாளில் மெதுவாக ஏறும். அதனால் நிறுத்தியதற்கும் ஏறியதற்கும் தொடர்பு இருப்பதாகவே தெரியாது.

பக்கவிளைவு. அம்லோடிபினில் கணுக்கால் வீங்கும், எனலாபிரிலில் தொண்டையில் குறுகுறுவென்று வறட்டு இருமல் வரும். இரண்டுக்கும் மாற்று உண்டு. இருமல் வந்தால் டெல்மிசார்டான், லோசார்டான் வகைக்கு மாற்றுவார்கள். ஆண்கள் சிலர் தாம்பத்தியத்தில் சிரமம் என்று நிறுத்திவிட்டு வீட்டில்கூடச் சொல்லமாட்டார்கள். சொன்னால் மருந்தை மாற்றலாம், சொல்லாவிட்டால் கூட்டத்தான் செய்வோம்.

தீர்ந்துபோனது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும். தனியார் மருத்துவர் சீட்டுக்கு வாங்குபவர்கள் 2025-ல் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் விலை விசாரியுங்கள். கடைசி ஐந்து மாத்திரை இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்குங்கள்.

காலையில் போடுவதா, இரவிலா என்ற கேள்விக்கு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2022-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மறக்காத வேளை எதுவோ அதுவே நல்ல வேளை. பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் மாத்திரை டப்பாவை வைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஒரு எச்சரிக்கை: அட்டெனோலால், மெட்டோபிரோலால், குளோனிடின் போன்ற பிரஷர் மருந்துகளைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பிரஷரும் நாடித்துடிப்பும் எகிறும். குளோனிடினை விட்டுவிட்டு விட்டுவிட்டுப் போடுபவருக்குப் பிரஷர் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆட்டத்துக்கு அந்த இடைவெளிதான் காரணம்.

4. மஞ்சப்பையைக் கொட்டுங்கள்

இப்போது பையில் இருப்பதை மேசையில் பரப்புங்கள். பிரஷர் மாத்திரை கீழே இழுக்க, இன்னொன்று மேலே இழுத்துக்கொண்டிருக்கலாம்.

முதலில் தேட வேண்டியது வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இபுபுரூஃபன், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்சிப். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் "செட்" போட்டுக் கொடுக்கும் மூன்று மாத்திரையில் ஒன்று பெரும்பாலும் இதுவாக இருக்கும். இவை சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுவதைத் தடுக்கும். எனலாபிரில், டெல்மிசார்டான், நீர் மாத்திரை ஆகியவற்றின் வேலையையும் கெடுக்கும். பிரஷர் ஏறுவதோடு போகாது. டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகமே திடீரென்று பழுதாகலாம், அதுவும் வெயில் காலத்தில் வயிற்றுப்போக்கோடு சேர்ந்தால். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா, பிசியோதெரபி உதவுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

செட் மாத்திரையில் சிலசமயம் ஸ்டீராய்டும் இருக்கும். வலி மந்திரம் போட்ட மாதிரி மறைந்து, முகம் உப்பி, பசி கூடினால் சந்தேகப்படுங்கள். ஆனால் மாதக்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

சளி மாத்திரை, மூக்கடைப்பு மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் அல்லது சூடோஎஃபிட்ரின் இருக்கும். இவை ரத்தக்குழாயைச் சுருக்கும். கருத்தடை மாத்திரையும் சில பெண்களுக்குப் பிரஷரை ஏற்றும். தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் மாத்திரைகளிலும் வாயுவுக்குக் குடிக்கும் சோடா பொடிகளிலும் சோடியம் நிறைய. நுரைக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றில் சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கும், அது ஒரு கிராம் உப்புக்குச் சமம்.

நாட்டு மருந்தில் கவனிக்க வேண்டியது அதிமதுரம். இருமலுக்கு இரண்டு நாள் கடித்தால் பரவாயில்லை. தினமும் பொடியாகவோ கஷாயமாகவோ வாரக்கணக்கில் எடுத்தால் உடம்பில் உப்பு தேங்கி, பொட்டாசியம் இறங்கி, பிரஷர் ஏறும். "இது மூலிகைதானே" என்று பையில் போடாமல் விட்டுவருகிற பொருள் இதுதான்.

பையில் வராத ஒன்றும் உண்டு, மது. தினமும் குடிப்பவருக்கு மாத்திரை எத்தனை மாற்றினாலும் எண் எளிதில் அசையாது. வீட்டில் சண்டையாக்காமல், மருத்துவர் முன்னால் அவரே சொல்லும்படி இடம் கொடுங்கள். பல வருடம் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம்; அதற்கும் மருத்துவ உதவி வேண்டும்.

5. உப்பைப் பாக்கெட்டால் அளங்கள்

"நாங்க உப்பு கம்மிதான்" என்று சொல்லாத வீடே இல்லை. நாக்கை நம்பாமல் பாக்கெட்டை நம்புங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியென்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். புதுப் பாக்கெட் பிரிக்கும் நாளில் அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். மீன் கழுவவும் திருஷ்டி சுற்றிப் போடவும் வேறு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கணக்கு தப்பும். 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். கடையில் வாங்கிய ஊறுகாய், பிஸ்கட், மிக்சர், கருவாடு எல்லாம் இதற்கு மேல்.

எங்கள் பக்கத்து வீட்டில் இப்படிச் செய்து பார்த்தார்கள். பாக்கெட் 22 நாளில் காலி. சாம்பாரிலும் பொரியலிலும் குறைத்தும் பெரிய மாற்றம் இல்லை. தேடிப் பார்த்தால், சோறு வடிக்கும்போது ஒரு கை, மோரில் ஒரு சிட்டிகை, பழைய சோற்றில் ஒரு சிட்டிகை, தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். சோற்றிலும் மோரிலும் உப்பை நிறுத்தியதற்கு நாக்கு மூன்று வாரத்தில் பழகிவிட்டது. எலுமிச்சை, புளி, மிளகு இருந்தால் குறை தெரியாது.

அப்பளம் தனியாகச் சொல்ல வேண்டியது. அதில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். எண்ணெய் இல்லாமல் சுட்டுச் சாப்பிட்டாலும் இது மாறாது.

இந்துப்பு பற்றித் தினமும் கேட்கிறார்கள். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினால் பிரஷருக்கு நல்லது என்று ஆகாது. "குறைந்த சோடியம்" என்று விற்கும் உப்பு வேறு. அதில் ஒரு பங்கு பொட்டாசியம். அது பலருக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான், எனலாபிரில், ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தைத் தேக்கும் பிரஷர் மருந்து) போடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

6. இப்போது சீட்டைப் பாருங்கள்

அளவு உண்மை, மாத்திரை ஒழுங்கு, எதிர் மருந்து இல்லை, உப்பு குறைந்தது, ஆனாலும் சராசரி 135/85-க்கு மேல் என்றால், சீட்டில் இருப்பது போதவில்லை. இங்கே தயங்க வேண்டாம். "அடுத்த மாசம் பாக்கலாம்" என்று ஆறு மாதம் ஓடுவதும் நோயாளியின் தவறு இல்லை, எங்கள் பக்கத்துத் தவறு. உங்கள் ஏழு நாள் நோட்டு இருந்தால் அந்தத் தள்ளிப்போடல் நடக்காது.

சீட்டில் மூன்று விஷயம் பார்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

ஒன்று, ஒரே மருந்தின் அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறதா? ஒரு மருந்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் கூடுதல் பலன் சிறிது. வேறு வகை மருந்து ஒன்றைக் குறைந்த அளவில் சேர்த்தால் பலன் அதைவிட நன்றாக இருக்கும், பக்கவிளைவும் குறையும். இரண்டும் ஒரே மாத்திரையாகக் கிடைத்தால் மறதியும் குறையும்.

இரண்டு, நீர் பிரிய வைக்கும் மாத்திரை சேர்ந்திருக்கிறதா? மூன்று மருந்து போட்டும் இறங்காதவர்கள் சிலருடைய சீட்டில் அது இருப்பதே இல்லை. நீர் மாத்திரைகளில் குளோர்தாலிடோனின் வேலை ஒரு நாளைத் தாண்டியும் நிற்கும், ஹைட்ரோகுளோரோதயசைடின் வேலை அவ்வளவு நேரம் நிற்காது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு ஃபுரூசமைடு என்ற நீர் மாத்திரை பிரஷருக்கான நல்ல மருந்து இல்லை, சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும்.

மூன்று, எனலாபிரில் வகையும் டெல்மிசார்டான் வகையும் ஒன்றாக இருக்கிறதா? இரண்டு மருத்துவரிடம் காட்டுபவர்களுக்கு இப்படி நடக்கும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, கெடுதல்தான் கூடும். ஒரே மருந்தை இரண்டு கம்பெனிப் பெயரில் போடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

மூன்று வகை மருந்து, அதில் ஒன்று நீர் மாத்திரை, மூன்றும் தாங்கக்கூடிய முழு அளவில், ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லை என்றால்தான் அதை உண்மையில் அடங்காத பிரஷர் என்று சொல்ல வேண்டும். நான்காவதாக ஸ்பைரோனோலாக்டோன் சேர்ப்பது பலருக்கு நன்றாக வேலை செய்கிறது. அதைத் தொடங்கினால் பொட்டாசியம் பரிசோதனை கட்டாயம்.

7. பின்னால் வேறு நோய் இருக்கிறதா

குறட்டை முதலில். சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி மறுபடி தொடங்குவது, எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிழுவது. தூக்கத்தில் மூச்சு அடைபடுவதற்கான அறிகுறிகள் இவை. அவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும். மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் உடம்பு பதறிப் பிரஷரை ஏற்றுகிறது.

சிறுநீரகம். ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரில் ஆல்புமினும் (ஒரு புரதம்) பார்க்காமல் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. சிறுநீரகக் கோளாறு பிரஷரை ஏற்றும், ஏறிய பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் உப்பு தேங்கும், பொட்டாசியம் வெளியேறும். இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். அடங்காத பிரஷர் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் வரை இதுவாக இருக்கலாம். பொட்டாசியம் குறைவாக இருந்தால் சந்தேகம் பலம், ஆனால் பலருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். ஆல்டோஸ்டிரோன், சிறுநீரகம் சுரக்கும் ரெனின் இரண்டையும் ரத்தத்தில் பார்த்து விகிதம் போடுவார்கள். அதற்கு முன் எந்த மருந்தை நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முப்பது வயதுக்குள் பிரஷர் வந்தவர்களும், நன்றாக இருந்து திடீரென்று கட்டுமீறியவர்களும், தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து திடீர் திடீரென்று வருபவர்களும் முந்தைய படிகளை முடிக்கக் காத்திருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். வரிசையை மீற நான் சொல்வது இவர்களுக்கு மட்டும்தான். இளம்பெண்கள் குழந்தைக்குத் திட்டமிட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எனலாபிரிலும் டெல்மிசார்டானும் கருவுக்கு ஆகாது.

8. மருத்துவர் முன்னால் மூன்று நிமிடம், அதற்குப் பிறகு மூன்று வாரம்

கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: வீட்டுச் சராசரி எவ்வளவு, மாதத்தில் எத்தனை மாத்திரை விட்டது, வேறு என்னென்ன மருந்து, நின்று பார்த்தபோது எவ்வளவு. "பிரஷர் இறங்கல டாக்டர்" என்று தொடங்குவதற்குப் பதில் இந்தப் பக்கத்தை நீட்டுங்கள்.

மருந்து மாறியதும் மறுநாளே அளந்து ஏமாற வேண்டாம். அம்லோடிபின் உடம்பில் முழு அளவுக்கு வரவே ஒரு வாரம் பிடிக்கும். பெரும்பாலான மருந்துகளின் முழுப் பலன் இரண்டு முதல் நான்கு வாரத்தில்தான் தெரியும். அதற்குள் "இது கேக்கல" என்று வேறு மருத்துவரிடம் போய்ப் புதுச்சீட்டு வாங்கினால் எந்த மருந்து என்ன செய்தது என்பதே தெரியாமல் போகும். எழும்போது தலைசுற்றினாலோ, மேல் எண் 100-க்குக் கீழே போனாலோ மட்டும் காத்திருக்காமல் கேளுங்கள்.

எனலாபிரில், டெல்மிசார்டான், நீர் மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் இவற்றில் ஒன்று புதிதாகச் சேர்ந்தாலோ கூடினாலோ, எப்போது கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே கேட்டு, தேதியை நோட்டில் எழுதிவிடுங்கள். மூன்றாவது வாரம் முடிந்ததும் இரண்டாம் படியில் சொன்ன ஏழு நாள் அளவை மறுபடி தொடங்குங்கள், அதே நாற்காலி, அதே கை, அதே நேரம்.